நர்ஸம்மா கேட்ட கேள்வி

வடமதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கத் தொடங்கியிருந்த காலம். மருந்து டப்பா எல்லார் வீட்டு அடுப்படி மூலையிலும் இருக்கும். எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கைக்குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை; யாரோடும் பேசவுமில்லை.

அம்மை குத்த வந்த நர்ஸம்மா எனக்குக் குத்தி முடித்ததும் அத்தையின் அருகே தரையில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலிலேயே கேட்டார்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதாம்மா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னங்க இது, நாமளே எடுத்துக் குடுக்கிற மாதிரி?"

"தோணுது," என்றாள் அத்தை. பிறகு அழுதாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அழுதாள்.

சாக நினைப்பது பாவம் என்று மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்திருந்ததால், அத்தைக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. "சொன்னியே, அதுவே நல்லதும்மா," என்று நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா டப்பாவைக் கொண்டுபோய்த் தோட்டத்து மோட்டார் ரூமில் பூட்டினார். நர்ஸம்மா அத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "பிள்ளைக இருக்கிற வீட்டுல விஷம் எதுக்கு?" என்று வீடு வீடாகச் சொன்னார். ஒரு வாரத்தில் தெரு டப்பாக்கள் அத்தனையும் அந்த மோட்டார் ரூமுக்கே போய்ச் சேர்ந்தன. நர்ஸம்மா வாராவாரம் வந்து அத்தையோடு பேசிவிட்டுப் போனார். இடைப்பட்ட நாள்களில் தெருப் பெண்கள் முறை வைத்ததுபோல் வந்து, அத்தையைக் கீரை ஆயவைத்தார்கள், பேசவைத்தார்கள்.

எனக்கு மட்டும் அம்மா ஒரு கட்டளை போட்டாள்: "பள்ளிக்கூடம் விட்டா, எங்க போனாலும் அத்தை கூடத்தான் இருக்கணும்."

எனக்கு முதலில் அது தண்டனையாகப் பட்டது. ஒருநாள் அத்தையே, "போத்தா, போய் விளையாடு," என்றாள்.

"போக மாட்டேன். அம்மா வையும்."

அத்தை சீப்பை எடுத்தாள். "சரி, வா. தல பின்னி விடுறேன்," என்றாள்.

பருத்தி எடுத்து முடிந்தபோது அத்தை தேறியிருந்தாள். செம்பட்டியிலிருந்து அத்தை வீட்டுக்கார மாமா வந்து அழைத்துப் போனார். பஸ் ஏறும்முன் என் கன்னத்தைத் தொட்டு, "இனிமே நீ தனியா விளையாடப் போலாம்த்தா," என்றாள்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். அத்தனை மாதமும் எனக்குத் துணையாகத்தான் அவளை வைத்திருந்தார்கள் என்று நினைத்திருந்தேன்; அவளுக்குத் துணையாக வைத்தது என்னை என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.