புல்லுமேட்டுப் பனியில் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவின் முகத்துக்காக வந்திருக்கும் அன்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. பந்தியில் இலை விழுவதற்குள் வாசித்து முடிக்கிற அளவுக்கு எழுதுங்கள் மாமா என்று அக்காவின் மகள் கேட்டுக்கொண்டாள். நான் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பயம்தான் பழக்கம். ஆகவே அக்காவைப் பற்றி நான் பயந்த கதையாகத்தான் இதை எழுத முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அனுமந்தன்பட்டியில்தான். கல்யாணத்தில் தெரு மாறியது, ஊர் மாறவில்லை. என்னைப் பெற்ற கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனார்கள். அப்பா வயலுக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டவர் அக்கா. அவர் இடுப்பை விட்டு நான் இறங்க ரொம்ப நாள் ஆனது என்று ஊரில் இன்றும் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது, நான் இறங்கவே இல்லை.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்தது. நினைவில்லாமல் கிடந்தேனாம். கார்த்திகை மாதம் அது. எங்கள் ஊர் ரோட்டு வழியாகத்தானே சபரிமலைக்குப் போகும் சாமிமார் குமுளிப் பக்கம் நடந்து போவார்கள்? அக்கா வாசலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டே வேண்டிக்கொண்டாராம், இவன் பிழைத்தால் இந்த வாசலில் இருந்து நடந்தே வந்து இருமுடி இறக்குகிறேன் என்று. நான் பிழைத்தேன். மறு வருஷம் அக்கா போய் ஊர்க் குருசாமியிடம் மாலை கேட்டார். ஐம்பது வயது தாண்டட்டும் ஆத்தா, அதுதான் அங்கே வழக்கம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணிடம் ஐம்பது வரை பொறு என்றால் வேறு யாராக இருந்தாலும் வேண்டுதலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்து உலை வைத்தாராம்.

அப்புறம் நடந்ததெல்லாம் இங்கே இருக்கும் பலருக்கும் தெரியும். திராட்சைத் தோட்டத்தில் காய் பறித்தார், கொடி வெட்டும் கவாத்துக்குப் போனார், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அக்காவுக்கு ஐம்பது தாண்டியபோது அவர் வீட்டுக்காரர், என் மாமா, பக்கவாதத்தில் விழுந்தார். அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, வாயில் ஊட்டி வருஷங்கள் போயின. ஒவ்வொரு கார்த்திகையிலும் நடந்து போகிறவர்களுக்கு ரோட்டோரம் சுக்குக் காபி கொடுப்பதோடு அக்காவின் சபரிமலை முடிந்துவிடும். மாமா போய், வருஷத் தீட்டும் கழிந்த பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில், இந்தக் கார்த்திகைக்கு மாலை போடுகிறேன் என்றார்.

எனக்கு அன்றைக்கே பயம் தொடங்கியது. அக்காவுக்கு அப்போது இழுப்பு முற்றியிருந்தது. பனிக்காற்று பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். தேனி டாக்டர் மலையேற்றம் வேண்டவே வேண்டாம் என்றார். போவதானால் சத்திரம் என்கிற ஊர் வழியாகப் புல்லுமேட்டுப் பாதை. ஆனை நடமாடுகிற காடு. அந்த மேட்டில் ஒரு மகரவிளக்கு நாளில் நெரிசலில் ஆட்கள் செத்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இதையெல்லாம் விட எனக்குள் இருந்த பயம் வேறு. எனக்காக வேண்டிக்கொண்டது அல்லவா? அக்காவுக்கு ஏதாவது ஆனால் அது என்னால் ஆனதாகிவிடும்.

பம்பை வரை காரில் போவோம், கடைசி ஏற்றத்தை மட்டும் மெதுவாக நடக்கலாம் என்று கெஞ்சினேன்.

"நடந்து வாரேன்னுதாம்லே சாமிகிட்டச் சொன்னேன். கார்ல வாரேன்னா சொன்னேன்?" என்றார்.

நானும் மாலை போட்டுக்கொண்டேன். பக்தி என்று யாரும் பெருமையாக நினைத்துவிட வேண்டாம். அக்காவை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே எனக்கு நெஞ்சு நின்றுவிடும் என்றுதான்.

மாலை போட்டவர்களுக்குள் பேரும் உறவுமுறையும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் சாமி. எங்கள் குருசாமி இதில் ரொம்பக் கண்டிப்பு. பெண்களானாலும் சாமிதான். அக்கா எனக்குச் சாமி, நான் அக்காவுக்குச் சாமி. முதலில் வாய் கூசியது, பிறகு பழகிவிட்டது.

அக்கா வீட்டு வாசலில் இருந்து குருசாமியோடு கூட்டமாக நடந்தோம். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வரை ரோடு சமமாகப் போனது. குமுளி மலைப்பாதையில் பஸ்கள் வளைவில் உரசிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் நான் அக்காவுக்கு வெளிப்பக்கம் நடந்தேன். நான் அடிபட்டால் அக்கா எப்படி ஊர் திரும்புவார் என்ற யோசனை வந்ததும் உள்பக்கம் வந்துவிட்டேன். பிறகு மறுபடி வெளிப்பக்கம். அக்கா பார்த்துவிட்டு, சாமி, ஒரு பக்கமா நடங்க, எனக்குத் தலை சுத்துது என்றார். வண்டிப்பெரியாறு தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும்போது அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்ஹேலர் என் தோள்பையில் இருந்தது. இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரால் மடியில் துழாவ முடியாது என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

சத்திரத்தில் காலையில் காட்டு இலாகா ஆட்கள் ஆனை விலகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்களை விட்டார்கள். பாதையில் கிடந்த ஆனை லத்தியில் சூடு ஆறவில்லை. மற்றவர்கள் சரணம் சொல்லிக்கொண்டு தாண்டினார்கள். நான் சரணம் சொன்னதில் பாதி ஆனைக்குத்தான்.

புல்லுமேட்டுக்கு ஏறியதும் காலில் அட்டை கடித்திருந்தது தெரிந்தது. நின்று பிடுங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவ்வளவுதான் நேரம். பள்ளத்தில் இருந்து பனி ஏறி வந்து மேட்டை மூடிவிட்டது. முன்னால் போன அக்காவைக் காணோம். என் கையை நீட்டினால் என் விரல் எனக்குத் தெரியவில்லை.

"சாமி" என்று கூப்பிட்டேன்.

"சாமி சரணம்" என்று முன்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அக்கா இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். வலது பக்கம் ஒருவர் சொல்லுங்க சாமி என்றார். பின்னால் ஒரு கூட்டம் தெலுங்கில் சரணம் போட்டது. நான் சாமி சாமி என்று கத்தக் கத்த அந்த மேடு முழுக்கச் சரணம் எழும்பியது. யாரோ ஒருவர் என் தோளைத் தட்டி, நல்லாக் கூப்பிடுறீங்க சாமி, விடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அக்கா பதில் சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. அந்தப் பனியில் அவர் நெஞ்சு எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். மருந்து என் பையில்.

பாதையை விட்டுச் சரிவில் இறங்கப் போனேன். அங்கே நின்ற மலையாளத்துக் காவலர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எங்கோட்டும் போகண்ட சாமி, தாழே ஆன உண்டு" என்றார், கீழே ஆனை நிற்கிறதாம்.

அப்போதுதான் எனக்கு விரதமும் குருசாமியின் கண்டிப்பும் மறந்துபோயின. "அக்கா" என்று கத்தினேன். அந்தக் காட்டில் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல யாருக்கும் வேலையில்லை. மேடு அமைதியானது. மறுபடி கத்தினேன். மறுபடியும். ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியை என்னால் எழுத முடியாது. அக்கா சரிவில் விழுந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஊருக்குப் போய் அவர் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். மண்ணில் உட்கார்ந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

பிறகு கொஞ்ச தூரத்தில் இருந்து, "ஏலே, இங்கன இருக்கேன். கத்தாத" என்று குரல் வந்தது.

காவலர்தான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பாதையில் இருந்து சற்று விலகி ஒரு பாறையில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலையில் இருமுடி அசையவில்லை. நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. மருந்தை அடித்துவிட்டேன், அவசரத்தில் முதல் முறை அவர் காதில்தான் அடித்தேன். அன்றைக்கு மாலையே சன்னிதானம் சேர்ந்தோம். நெய் அபிஷேகம் முடித்து, பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. தேனியில் சேர்த்தோம். மலையேறியதில்தான் நெஞ்சு போனது என்று ஊரில் சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் அடித்துச் சொல்லவில்லை. அக்கா பேசக்கூடிய நிலையில் இருந்த ஒரு மத்தியானம் நானே கேட்டுவிட்டேன், எனக்காக நடந்ததால்தான் இப்படி ஆனதா என்று.

அக்கா மெதுவாகத்தான் பேசினார். "அன்னைக்குப் புல்லுமேட்டுல நீ அக்கான்னு கூப்பிட்டது எனக்கு மொதத் தடவையே கேட்டுச்சுலே."

கேட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்றேன்.

"ஒலை வைக்கணும், மாத்திரை குடுக்கணும், யாருக்கும் எதுவும் செய்யணும்னு அங்கன ஒண்ணுமே இல்ல. எந்தப் பக்கமும் ஒண்ணும் தெரியல. எனக்குப் பயமே வரல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிறேனேன்னு இருந்தேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அங்கே மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேனே என்றேன். தெரியும்லே, அதான் அங்கன இருக்காமத் திரும்பி வந்தேன் என்றார்.

நன்றி சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியக் கூடாது. விரத நாளெல்லாம் அக்காவுக்குத் தனியடுப்பில் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், அக்கா வேலை பார்த்த தோட்டத்துக்காரர் குடும்பத்துக்கும், கூட நடந்த சாமிமாருக்கும், நான் அக்கா என்று கத்தியதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்ட குருசாமிக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்த மருமக்களுக்கும், கடைசிக் காரியங்களைத் தோளில் சுமந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் வேட்டியைப் பிடித்து நிறுத்திய அந்த மலையாளத்துக் காவலரின் பேர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசி நாள் காலையில் அக்கா கண்ணை மூடியிருந்தார். மூச்சு மட்டும் இடைவெளி விட்டு வந்தது. கூப்பிடுங்க, நீங்க கூப்பிட்டா முழிச்சாலும் முழிப்பாங்க என்று நர்ஸ் சொன்னார். நான் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை, புல்லுமேட்டில் கூட. அக்கா என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால் அக்கா வந்திருப்பார், எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.