செல்வியக்கா கீரையும் நான் எடுத்த சாம்பிளும்

மொத நாள் வேலைக்குப் போறப்போ கர்ச்சீப்ல தைலம் ஊத்தி எடுத்துட்டுப் போனேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல லேப் அசிஸ்டென்ட் வேலை, நாத்தம் கொடலைப் புடுங்கும்னு நெனப்பு. ஆனா கடைசித் தொட்டிகிட்ட போய் நின்னா... மழை பேஞ்ச மண்ணு வாசனை! என் கர்ச்சீப்தான் நாறுச்சு.

ஊரு தண்ணியெல்லாம் அங்க வந்து, தெளிஞ்சு, ஒரு வாய்க்கால் வழியா வெளிய போவும். அந்த வாய்க்கால் ஓரம்தான் செல்வியக்காவோட சிறுகீரைப் பாத்தி. அவங்க போர் தண்ணி உப்பேறிப் போச்சு, அத விட்டா கீரை கருகிடும். அதனால எங்க தண்ணிதான். அவங்க வீடே அந்த நாலு பாத்திலதான் ஓடுச்சு.

ஒருநாள் பேச்சுவாக்குல கேட்டா, கீரை போறது நாங்க குடியிருக்கற சாரம் ஏரியா கடைங்களுக்கு! எங்கம்மா வாங்கறதே அதான்...

என்னால சும்மா இருக்க முடியுமா? சாரம் கடையில ஒரு கட்டு வாங்கிட்டு வந்து லேப்ல டெஸ்ட் பண்ணிட்டேன். யாரும் பண்ணச் சொல்லல. ரிசல்ட் பாத்தா கிருமி எக்கச்சக்கம்.

அதோட விட்டேனா... டீக்கடைல நின்னு வாய விட்டுட்டேன். "அந்த வாய்க்கா கீரைய வாங்காதீங்கப்பா."

அவ்ளோதான். மறுநாள் கடைக்காரங்க கூடைய எறக்கவே விடல. மூணு நாள் கீரை மாட்டுக்குப் போச்சு. செல்வியக்கா என்னைத் திட்டக்கூட இல்ல. பாத்தி நடுவுல நின்னு பாத்தாங்க பாருங்க... இன்னிக்கு நெனச்சாலும் சோறு எறங்காது.

ஆனா ஒண்ணு மட்டும் இடிச்சுது. அக்கா கீரை மேல தண்ணி தெளிக்கவே மாட்டாங்க. வேர்ப்பக்கமா பாய விடுவாங்க, அவ்ளோதான். புடுங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அதையும் நிறுத்திடுவாங்க. அப்புறம் எப்படி இலைல இவ்ளோ கிருமி?

பாத்திலேர்ந்தே நேரா ரெண்டு செடி புடுங்கி டெஸ்ட் பண்ணேன். கிருமி இருந்துச்சு, ஆனா ரொம்பக் கம்மி. மண்டை காஞ்சு போச்சு!

அடுத்த நாள் விடியக்காலைல பாத்திக்குப் போய் உக்காந்துட்டேன். இன்னிக்காவது யாராவது வாங்குவாங்களான்னு அக்கா புடுங்கினாங்க, கட்டு கட்டினாங்க, கூடைல அடுக்கினாங்க. எல்லாம் சரியாதான் இருக்கேன்னு பாத்தா... கூடையோட தூக்கி வாய்க்கால்ல முக்கு, இன்னொரு முக்கு!

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"வேர்ல மண்ணு இருந்தா கடைக்காரி வாங்க மாட்டா பாப்பா. ஸ்கூலுக்குப் போற புள்ளைய குளிப்பாட்டி அனுப்பற மாதிரிதான்."

எனக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அவ்ளோ பதமா வளத்துட்டு, கடைசில அந்தக் கிருமித் தண்ணிலயே முக்கி, அக்கறையால கெடுத்திருக்காங்க.

"உங்க போர் தண்ணில அலசுங்கக்கா."

"அது உப்பாச்சே."

"வளக்கத்தானே ஆகாது? அலச ஆகும்ல?"

கூடைய கரைல எறக்கி வச்சாங்க. "அதுவும் சரிதான். கொழம்புல உப்பு கொறச்சுப் போட்டுக்கட்டும்."

அப்படி அலசின கட்டை டெஸ்ட் பண்ணேன். நல்ல ரிசல்ட்! பேப்பரைத் தூக்கிட்டு ஓடிப் போய்க் காட்டினா, அக்கா கையில வாங்கவே இல்ல.

"எங்கிட்ட எதுக்கு? அந்த டீக்கடைல போய் சொல்லு."

போய் சொன்னேன். நல்லா சத்தமாவே சொன்னேன். கெட்டது பரவ ஒரு ராத்திரி போதும்... இது பரவ பதினஞ்சு நாள் ஆச்சு. மொத ஆளா கட்டு வாங்கினது எங்கம்மாதான்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா... காலைல எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட். 'சாக்கடைத் தண்ணி காய்கறி, உஷார்!' அரை மணி நேரத்துல அம்பது ச்சீ, ஐயே. தெருமுனைல தள்ளுவண்டில கீரை விக்கற அம்மாகிட்ட இனிமே வாங்கக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. அன்னிக்கு வதந்தி பரப்ப எனக்காவது ஒரு டீக்கடை தேவைப்பட்டுச்சு, இவங்களுக்கு ஃபோனே போதும்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "சாம்பிள் எங்க எடுத்தாங்க?"

ரெண்டு பேர் கும்பிடு எமோஜி போட்டாங்க.

செருப்ப மாட்டிட்டு கீழ எறங்கினேன். தள்ளுவண்டி அம்மா ஒரு கட்டு கூட விக்காம உக்காந்திருந்தாங்க. செல்வியக்கா பாத்த அதே பார்வை...

ரெண்டு கட்டு வாங்கிட்டு, வண்டி பக்கத்துலயே நின்னுதான் இந்தக் கதைய டைப் பண்றேன். பால்கனிலேர்ந்து பாக்கறவங்க பாத்துக்கட்டும்.