வாபஸ் வாங்காத விண்ணப்பம்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக் கூட்டம் நடக்கும். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்காக ஜெபிக்க வேண்டும். ஒருத்திக்கு மகனுடைய விசா, ஒருத்திக்கு முழங்கால் வலி, இன்னொருத்திக்கு மருமகளின் வாய். என் விண்ணப்பத்தை நான் எழுந்து சொன்னதே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா எழுந்துவிடுவாள்.

"எம் பொண்ணு பி.காம் படிச்சிட்டு துணி தொவைச்சிகினு கீறா. அவளுக்கு ஒரு ஆபீஸ்ல, ஃபேனுக்குக் கீழ, சேர்ல உக்கார்ற வேலையா கெடைக்கணும். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

எல்லாரும் பண்ணினார்கள். வாரம் தவறாமல், வருஷக்கணக்காக. முடிவில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.

துணி துவைக்கிறேன் என்று அம்மா சொல்லும்போது ஏதோ நான் ஏரிக்கரையில் கல்லில் அடித்துத் துவைப்பதுபோலத் தோன்றும். நான் வேலை செய்வது மாமல்லபுரம் போகிற வழியில், நெம்மேலியைத் தாண்டி, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டின் லாண்டரியில். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், விருந்தாளிகள் கண்ணில் படாத பின்பக்கத்தில் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வாஷர், டிரையர், துணியைச் சுடச்சுடத் தேய்த்துத் தள்ளும் ரோலர். போர் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர். கோடைக்காலத்தில் உள்ளே நுழைந்தால் இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். டவலை உதறினால் மணல் கொட்டும். பெட்ஷீட்டில் மருதாணி, லிப்ஸ்டிக், சன்ஸ்கிரீன், என்னவென்று கேட்கக் கூடாத கறைகள் எல்லாம் வரும்.

நான் அங்கே சேர்ந்தது, வேறு நல்ல வேலை கிடைக்கிறவரைக்கும் என்றுதான். பி.காம் முடித்து எத்தனையோ இன்டர்வியூ போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அமையவில்லை. அம்மாவுக்கு அது பெரிய அடி. அவள் வாழ்க்கை முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள், களை பறித்தவள். இப்போது அந்த நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் மறைமலைநகர் கம்பெனிகளுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரரே கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். படிக்க வைத்த மகள் மட்டும் அழுக்குத் துணியோடு நிற்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. என்னாலும்தான் முடியவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலைக்குப் போவேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரும்பி வருவேன்.

பெரிய பெட்ஷீட்டை ஒரு ஆள் மடிக்க முடியாது. அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் ஒருத்தி நிற்க வேண்டும். என் எதிர்முனையில் நிற்பவள் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. ஒரு நாள் நான் முணுமுணுத்துக்கொண்டே மடிப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாக்கா, யாரத் திட்டிகினு கீற?"

"திட்டல. ஜெபம் பண்றேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இந்த நரகத்தவுட்டு வெளிய போவணும்னு."

"அய்ய! எப்பப் பாத்தாலும் உனக்கே கேட்டுகினு இருந்தா உங்க சாமிக்குப் பேஜாரா இருக்காது? தோ, இந்த பெட்ஷீட்ல எவனோ ஒருத்தன் வந்து படுக்கப் போறான். அவனுக்கும் ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள் எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லித் தருகிறாளா? அவள் வாயை அடைக்க வேண்டும் என்றே அடுத்த துணியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்: "ஆண்டவரே, இதுல படுக்கறவன் கொறட்ட வுடாம தூங்கட்டும். பக்கத்துல படுக்கறவ பொழைச்சிப் போவட்டும்." அவள் சிரித்த சிரிப்பில் தன் முனையைக் கீழே விட்டுவிட்டாள். துணியை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

விளையாட்டாக ஆரம்பித்தது பழகிவிட்டது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் அறைக்குப் போகிற துணி என்றால் குழந்தைக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்பேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்றால் சண்டை போடாமல் ஊர் திரும்பட்டும் என்பேன். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை வரை ஆட்டம் போடுகிற ஐ.டி. பசங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு, கடலில் இறங்காமல் இருக்கட்டும் என்று. என்னை யாரென்றே தெரியாத ஆட்கள். ஆனாலும் ஒருவனுக்காக ஜெபம் பண்ணிவிட்டு அவனுக்கே கறையோடு துணியை அனுப்ப மனசு வருமா? எனக்கு வரவில்லை. கறை தெரிந்தால் திருப்பிப் போடச் சொன்னேன். வாஷர் ஓட்டுகிறவர் எரிந்து விழுவார்.

"லேசாத்தான் கீது. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும், அண்ணாத்த. மேல கீறவருக்கும் தெரியும். திரும்பப் போடு."

இப்படிச் செய்து செய்து எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. சொல்லவே வெட்கமாக இருந்தது. ரோலரிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் துணியின் மேல் உள்ளங்கையை வைத்தால் அந்தச் சூட்டில் ஒரு சந்தோஷம். அடுக்கி முடித்த அலமாரியைப் பார்த்தால் தானாக ஸ்தோத்திரம் என்று வரும். கை ஈரமாக இருக்கும்போதே, வேர்வை வழியும்போதே வரும். கொஞ்ச நாளில் துணி தேய்த்து மடித்து அனுப்புகிற பகுதி முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். சபையில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் எல்லாம், அந்த வேலையிலிருந்து ஆண்டவர் என்னை விடுவித்தார், இந்த வேலைக்கு உயர்த்தினார் என்றுதான் சொல்வார்கள். இருக்கிற வேலைக்காக யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, நானும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா எழுவாள், எல்லாரும் ஜெபிப்பார்கள், நானும் மரியாதைக்கு ஆமென் போட்டு வைப்பேன்.

ஒரு நாள் பாஸ்டரம்மா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

"பதில் வந்துடுச்சும்மா! செங்கல்பட்டுல தெரிஞ்சவங்க ஸ்கூலு. ஆபீஸுக்கு ஆள் கேக்கறாங்க. அடுத்த மாசமே சேந்துடலாம்!"

அம்மா அப்படியே தரையில் முழங்கால் போட்டுவிட்டாள்.

என் நிலைமையைப் பாருங்கள். ஆண்டவர் கேட்டதைக் கொடுக்காவிட்டால் அழலாம், உபவாசம் இருக்கலாம். கேட்டதைக் கையில் கொடுத்துவிட்டால்? ஐயோ, அது பழைய விண்ணப்பம், வாபஸ் வாங்க மறந்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "எனக்கு ரூட்டு போட்டுக் குடுப்பாங்க, நான் ஓட்டிகினு போவேன். உன் ரூட்ட நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வது தப்பு என்று, லீவு போட்டுவிட்டு ஒரு திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். நல்ல ஸ்கூல். நல்ல மனுஷர்கள். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆபீஸில் என்னை உட்கார வைத்தார்கள், மேலே ஃபேன் ஓடியது, தூரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் சத்தம் கேட்டது. அம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாற்காலியில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நினைப்பெல்லாம் லாண்டரியில் இருந்தது. வார இறுதிக் கூட்டம் காலி செய்துவிட்டுப் போயிருக்கும், துணி மலை மாதிரி வந்திருக்கும், என் கூட்டாளி எதிர்முனைக்கு யாரைப் பிடித்தாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்புகிற பஸ்ஸில் சொன்னேன். "மா, எனக்கு இந்த வேல வேணாம்."

"பைத்தியமாடி உனக்கு? ஆண்டவர் கையில குடுக்கறத தட்டி வுடுவியா?"

"அவர் குடுத்ததத்தான் வெச்சிகினு கீறேன்மா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மறுத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதுதான் அவள் போட்ட கணக்கு எனக்கு விளங்கியது. சபை முன்னால் நின்றால் எனக்கு மறுக்கத் தைரியம் வராது என்று நினைத்திருக்கிறாள். பெற்றவளுக்கே என்னைத் தெரியவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நேராக முன்னால் போய் மைக்கைப் பிடித்தேன்.

"நீங்க எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணீங்க. ஆண்டவர் கேட்டுட்டாரு. இந்த ஸ்கூல் வேல வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டாரு. நான் செய்யிற வேலைய எனக்குப் புடிக்க வெச்சிட்டாரு. அத உங்ககிட்ட சொல்லாம வுட்டது நான்தான். ஸ்கூல் வேல நல்ல வேல, தேவப்படறவங்களுக்கு வாங்கிக் குடுங்க. நான் லாண்டரியிலதான் இருக்கப் போறேன். அதுக்காக ஸ்தோத்திரம்."

பாஸ்டர் கேள்வி கேட்கிற மாதிரி "ஸ்தோத்திரம்" என்றார். ஆராதனை முடிந்ததும், வீட்டில் படித்த மகளை வைத்திருந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்து அந்த ஸ்கூல் நம்பரை வாங்கிக்கொண்டார். வேலையும் அந்தப் பெண்ணுக்கே போனது. அம்மா எனக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. வேலை பிடித்திருந்தது, முடிவு சரி என்று தெரிந்திருந்தது, ஆனாலும் அந்த மௌனம் நெஞ்சை அறுத்தது.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "உங்கம்மா வந்து நிக்கறாங்க. சூப்பர்வைசரப் பாக்கணுமாம்."

எதற்கென்று எனக்குத் தெரியாதா? மகளை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்ல வந்திருக்கிறாள். சூப்பர்வைசர் மீட்டிங்கில் இருந்தார். அம்மாவை உள்ளே கூட்டி வந்து ஸ்டூலைப் போட்டேன். அவள் உட்காரவில்லை, சுவரோரம் நின்றாள். எனக்கு அவளோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அன்று ஒரு கல்யாணக் கூட்டம் வந்து இறங்க இருந்தது. தண்ணீர் லாரி லேட், டிரைவரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஈரம் காயாத டவலை அள்ளிக்கொண்டு போகப் பார்த்த ரூம் ஆளை அங்கேயே நிறுத்தித் திருப்பி வைக்கச் சொன்னேன். மீட்டிங் முடிந்து வந்த சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று, "அக்கா, கல்யாண ரூமுக்கு எப்போ தருவீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சதும் நானே அனுப்புவேன். நீங்க போய் வேற வேலையப் பாருங்க, சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அம்மா என் கூட்டாளியின் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, இங்க உங்கள எல்லாம் யாராச்சும் அதட்டுவாங்களா?"

"அதட்டறதா? எம்மா, இங்க அதட்டறதே உங்க பொண்ணு ஒருத்திதான். தோ, பயந்துகினு போறாரு பாருங்க, அவருதான் சூப்பர்வைசரு."

அம்மா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நாத்து நடும்போது நெலத்துக்காரங்க வரப்பு மேல நின்னுகினு கண்டபடி பேசுவாங்கடி. நிமிந்தா ஒரு பேச்சு, குனிஞ்சா ஒரு பேச்சு. நீ வயித்துல இருந்தப்பகூட வுடல. சேர்ல உக்காந்தவள யாரும் அப்பிடிப் பேச மாட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கேட்டுகினே இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். "வேலையப் பாருடி" என்றாள் அம்மா.

மதியம் ஸ்டாஃப் கேன்டீனில் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். தட்டு வந்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சோற்றுக்கு நன்றி சொன்னாள். எதிரில் கண்ணை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்த என் கூட்டாளிக்கும் சேர்த்துச் சொன்னாள். அப்புறம், "எம் பொண்ண யாரும் அதட்டாத எடத்துல வெச்சிருக்கீரே, ஆண்டவரே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மீதி ஜெபத்தை நான்தான் முடித்தேன்.