தேரை மேல் உள்ள வழக்குகள்

தேரை பிடித்து அளக்கும் வேலையில் இருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை என்றாலும், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் உத்தியோகம் பார்க்கிற எல்லோருக்கும் என் பாடு புரியும். திருவனந்தபுரத்தில் பெரிய தேரைகள் எங்கெங்கே வாழ்கின்றன என்று கணக்கெடுக்கிறேன். கண்ணுக்குப் பின்னால் வீங்கிய சுரப்பி, முதுகெல்லாம் கறுப்பு நுனிப் பருக்கள் இருந்தால் என் ஆள்.

சாலைக் கடைத்தெருவில்

தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் பருப்பில்லாத தேங்காயை உடைத்துக் காட்டி, "தேரை மோந்தது" என்றார். மரத்துக்குச் சத்துக் குறைந்தால் அப்படி ஆகும், தேரையால் தென்னை ஏற முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏறாதுன்னா ஏறாதாயிருக்கும் சாரே. ஆனா, வாங்கினவன் வந்து சண்டை போட்டா நான் வேற யார் மேல பழியப் போட?"

ஸ்ரீவராகத்தில்

ஒரு மாமி வீட்டுத் துளசி மாடத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார். "வாழிடம்னு எங்காத்து விலாசத்தையா போட்டிருக்கேள்? அப்போ வீட்டு வரியையும் அதுகிட்டயே வாங்கிக்கச் சொல்லுங்கோ."

கழக்கூட்டத்தில்

கட்டட வேலைத் தளத்தில் பெரிய தேரை இருப்பதாக மேஸ்திரி போன் செய்தார். தகரக் கொட்டகையில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முத்துலட்சுமி அதை வாளியால் மூடி வைத்திருந்தாள். மடியில் எட்டு மாதக் குழந்தை, விலா எலும்பு தெரிய, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. "பிள்ள மேல தேரை விழுந்துட்டு சார், அதான் இப்படி மெலியுது. கொன்னாத்தான் பிள்ள தேறும்" என்றாள்.

தேரையை அளந்தேன். அது பதுங்கியிருந்த ஈர மணலுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, மூடியில்லாமல், பச்சை பிடித்து இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் பால்பொடி கலக்குகிறாள். குழந்தைக்குப் பத்து நாளாக வயிற்றோட்டம். தேரை அப்பாவி என்று வாதாட அங்கே நேரமில்லை. "தேரைய நான் கொண்டு போயிடறேன். நீங்க பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒரே ஆட்டோல போவோம்" என்றேன். என் மடியில் தேரை டப்பா, அவள் மடியில் குழந்தை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தான். கெட்டது தண்ணீர்தான், தேரையில்லை என்று அப்போதாவது சொல்லிப் பார்த்தேன். முத்துலட்சுமி சிரித்தாள். "தண்ணியாவும் இருக்கும் சார். ஆனா நீங்க தேரையக் கொண்டுபோன அன்னைலேருந்துதான பிள்ள பால் குடிக்கான்?"

தேரையை அடையாளம் காண எனக்கு ஐந்து நிமிஷம் போதும். அதற்கு ஒரு வழக்கிலாவது விடுதலை வாங்கித் தரத்தான் இதுவரை முடியவில்லை.