கூடப் போன பிலோமினாக்கா

நாகலூர் பிலோமினாக்கா இன்னைக்குக் காலையில போயிட்டாங்க. இப்பத்தான் போன் வந்துச்சு... கையும் ஓடல, காலும் ஓடல.

எங்க எஸ்டேட்ல காப்பி பறிச்சவங்க. ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனா எண்பதுகள்ல எங்க லைன் வீடுகள்ல யாருக்குப் பெரிய வியாதின்னாலும் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது இந்த அக்காதான்.

அவங்க வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்ப எங்க போறது, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம அலைஞ்சவங்க. அப்படிக் கத்துக்கிட்ட வழி அது.

எங்கம்மாவுக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சு வாரா வாரம் ஊசி. எனக்கோ கைக்குழந்தை. அம்மா மலை அடிவாரம் தாண்டி தனியாப் போனதே இல்ல.

"நான் எதுக்கு இருக்கறேன் சாமி... நீ ஊட்டையும் கொளந்தையையும் பாரு"ன்னாங்க அக்கா.

ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் ஒரு கலர் நூல் கட்டி வச்சிருப்பாங்க. ரத்த டெஸ்ட்டுக்கு சிவப்பு, எக்ஸ்ரேக்கு கறுப்பு, இன்சூரன்ஸ் பேப்பருக்கு பச்சை. டாக்டர் கேட்டு முடிக்கறதுக்குள்ள சரியான சீட்டை நீட்டுவாங்களாம்... அம்மா சொல்லிச் சொல்லி மலைச்சுப் போகும்.

ஒரே சிக்கல். எஸ்டேட் இன்சூரன்ஸ்ல மருந்து உண்டு, பெட் உண்டு, நோயாளிக்கு லீவு உண்டு. கூடப் போற ஆளுக்கு ஒண்ணும் கிடையாது.

காலையில பேர் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா ஆப்சென்ட். இன்னும் ஒரு நாள் வரலைன்னா பேரையே அடிச்சிருவோம்னு அக்காவுக்குச் சொல்லிட்டாங்க.

அம்மா "எனக்கு ஊசியே வேண்டாம்"னு உக்காந்துருச்சு. அக்கா காதுலயே வாங்கல. அடுத்த வாரமும் முதல் பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ஆஜர் எழுதற ரைட்டர் "பிலோமினா"ன்னு கூப்பிட்டார்.

"இருக்கறேனுங்க!"

பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா குரல். ரைட்டருக்கு எங்க எல்லார் குரலும் அத்துப்படி. மனுஷன் தலை நிமிரவே இல்ல... டிக் போட்டார். பிலோமினாக்கா பங்குக் காப்பியை நாங்க ஆளுக்குக் கொஞ்சமா பறிச்சுப் போட்டோம்.

வாரம் ஒருத்தரா குரல் கொடுத்தோம். என் முறை வந்த அன்னைக்குன்னு பாத்து மேனேஜர் துரையே வந்து நின்னார்.

"பிலோமினா."

"இருக்கறேனுங்க"ன்னேன்.

"நீ பிலோமினாவா?"

"இல்லீங்க தொரை... அவங்க எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க. அவங்க இல்லீன்னா எங்கம்மா பொழைக்காதுங்க. அவங்க வேலைய நாங்க செய்யறோமுங்க."

"ஆமாங்க தொரை"ன்னு பின்னாடி அத்தனை பொம்பளைகளும்.

துரை திரும்பி ஜீப்ல ஏறிட்டார். அக்காவுக்கு வேலை போச்சுன்னே நினைச்சேன்.

அடுத்த மாசம் ஆபீஸ் போர்டுல துரை கையெழுத்தோட இன்சூரன்ஸ் நோட்டீஸ். அதுல புதுசா ஒரு வரி... நோயாளியுடன் ஆஸ்பத்திரி செல்லும் ஒருவருக்கும் அன்று வருகை உண்டு, சம்பளம் உண்டு.

அக்கா என்னை மூணு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம் ரைட்டர்கிட்ட அந்த நோட்டீஸ்ல ஒண்ணு கேட்டு வாங்கி, அதுலயும் ஒரு நூல் கட்டினாங்க. மஞ்சள்.

எங்கம்மா அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல இருந்துச்சு.

பிலோமினாக்கா... நாளைக்கு நாகலூர் வர்றேன். கடைசியா ஒரு தடவை நான் உங்க கூட வர்றேனுங்க.