மச்சானைப் பழிவாங்க ஒரு மேக்

நல்ல நோக்கத்தோடு கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்வார்கள். நான் என் மனைவியின் தம்பியைப் பழிவாங்க வாங்கினேன்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் லாரி எடை போடும் மேடை உண்டல்லவா, அதற்கு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. தலை நரைக்கும்வரை எல்லாமே விண்டோஸ்தான். என் பெரிய வாடிக்கையாளர் ஒரு பாய். வீட்டில் பாதி அடுப்பு அவர் யார்டால்தான் எரிகிறது. அவர் ஒருநாள் கூப்பிட்டார்.

"வெளிய வரிசைல லாரி எந்த எடத்துல நிக்குதுன்னு ஓனருங்க போன்லயே பாக்கணும்பா. பாதிப் பேரு ஐபோன் வெச்சிக்கினு கீறாங்க. அதுலயும் வரணும். மாசக் கடைசில காட்டு. முடியாட்டி சொல்லிடு, வேற ஆளு பாக்கறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். ஐபோனுக்கு எழுத மேக் கம்ப்யூட்டர் வேண்டும். நான் மேக்கைத் தொட்டதுகூட இல்லை.

அந்த ஞாயிறு ராயபுரத்தில் என் மகளுக்கு முதல் நன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு. கோயிலில் பூசை முடிந்து விருந்தில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தவன், வாய் சும்மா இருக்காமல் இந்தக் கவலையைச் சொல்லித் தொலைத்தேன். அவன் தெற்கே ஒரு கண்ணாடிக் கட்டட ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கையில் கறித்துண்டோடு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"உனக்கு இன்னாத்துக்கு மாமா இந்த ரோதன? நீ லாரிய எடை போட்டுக்கினு ஜாலியா இரு. எங்க ஆபீஸ்ல சொல்லி அந்த பாய் வேலைய நாங்க முடிச்சிக் குடுக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள். சரியாகக் காது கேட்காத என் மாமியார், என்ன சொன்னான் என்று கேட்டு, இரண்டாம் முறை சொல்லவைத்து, நிதானமாகச் சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த வாரமே அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யார்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறான். "உன் மச்சான் வந்துட்டுப் போனாருபா. மாசக் கடைசில அவரும் வந்து காட்டறாராம்," என்றார் பாய். எனக்குக் காதில் புகை வந்தது. அன்றைக்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

புது மேக் லேப்டாப்பின் விலையைக் கேட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழையது காட்டச் சொன்னேன். ஒன்று அப்பளம் மாதிரி மெலிசு. இன்னொன்று இரண்டு கையால் தூக்க வேண்டும். காற்று போகும் ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நனைந்த சாமான் வெயிலில் காய்ந்து கடைக்கு வந்துவிடும். சேற்று வாடை இல்லை. அடுத்து, எடை. வாழ்நாள் முழுக்க எடை மேடைப் பக்கத்தில் நின்றவன் புத்தி வேறெப்படிப் போகும்? கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். கனமானதற்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதன் மாடலைத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது ரொம்பப் பழசு. புது சிஸ்டம் அதில் ஏறாது. புது சிஸ்டம் இல்லாவிட்டால் ஐபோனுக்கு எழுதும் சாஃப்ட்வேர் ஏறாது. அது இல்லாவிட்டால் நான் தூக்கிவரப்போவது நல்ல கனமான அம்மிக்கல். எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், ஜன்னலைத் திறந்து கரித்தூசியை உள்ளே விட்டேன்.

"இன்னாங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உன் தம்பிதான் என் பிரஷரு," என்றேன்.

அப்புறம் ஒழுங்காகப் படித்தேன். எனக்குத் தேவை லேப்டாப்பே இல்லை. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றும் வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரோடு இருக்கின்றன. இவை எதுவும் இல்லாமல் வெறும் டப்பாவாக விற்கும் மேக் மினி போதும். சிப் மட்டும் புது வகையாக இருக்க வேண்டும். மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, அதில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டோரேஜில் பண்ணலாம், வெளியே ஒரு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, ஆனால் மினிக்குக் கழித்துக்கொண்டார். கூடவே, "எடை பாத்துத் தூக்கினு போவ இது இன்னா காயலாங்கடையா அண்ணே?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பழிவாங்க வேண்டியவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்தேன்.

மினி ஒரு டிபன் பாக்ஸ் அளவு. என் மதியச் சாப்பாடு இதைவிடக் கனம். மனசு ஒப்பாமலே மாட்டினேன். ஒரு வரியைக் கட் பண்ண கன்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பலமாக அமுக்கினேன். கீபோர்டு கத்தியதே தவிர வரி அப்படியே இருந்தது. உடனே கடைக்காரருக்கு போன் போட்டு, "டுபாக்கூர் மாலத் தலைல கட்டிட்டியே!" என்று கத்த ஆரம்பித்தேன். கத்திக்கொண்டே மறுபடி அமுக்கிய வேகத்தில் விரல் நகர்ந்து பக்கத்திலிருந்த விண்டோஸ் பட்டனில் விழுந்தது. வரி மறைந்தது. மேக்கில் அதுதான் கன்ட்ரோல் செய்யும் வேலையைச் செய்யுமாம். மானம் போகாமலிருக்க, இன்னும் கொஞ்ச நேரம் அவரைத் திட்டிவிட்டே வைத்தேன்.

புது மொழி, புது முறை, நரைத்த தலை. எங்கே சிக்கினாலும் பந்தியில் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வேன். கை தானாக ஓடும். சோதனைக்கு ஒரு லாரியை உண்டாக்கி, டிரைவருக்கு மச்சான் பெயரை வைத்து, ஓவர்லோடு என்று சொல்லி வரிசையின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

மாசக் கடைசி வந்தது. பாய் இருவரையும் ஒரே காலையில் வரச் சொல்லியிருந்தார். நான் முந்திக்கொண்டேன். பின்னாலேயே மச்சான் வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக வந்தான்.

"வெளிய குந்துபா, கூப்புடறேன்," என்றார் பாய்.

வெளியே என்றால் எடை மேடை ஓரம், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டிரெய்லர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பாயின் ஐபோனிலேயே ஏற்றிக் காட்டினேன். வரிசையில் ஒரு லாரி நகர்ந்ததும் அவர் போனிலும் நகர்ந்தது. "ஷோக்கா கீதுபா. இதையே வெச்சிக்கலாம்," என்றார். வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம்.

"மொதல்லேர்ந்து இன்னொரு தபா காட்டிடறேன் பாய்," என்றேன்.

தமிழில் காட்டினேன். இங்கிலீஷில் காட்டினேன். எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன், சின்னதாக்கிக் காட்டினேன். ஜன்னல் வழியாக மச்சான் முகத்தைத் துடைப்பது தெரிந்தது, கைக்குட்டை கறுப்பாகியிருந்தது. நான் மறுபடி எழுத்தைப் பெரிசாக்கினேன்.

கடைசியில் பாயே அவனை உள்ளே கூப்பிட்டார். "உன் மாமாவே முடிச்சிட்டாருபா. வந்ததுக்கு டீ குடிச்சிட்டுப் போ."

மச்சான் என்னைப் பார்த்தான். "மேக் எப்ப மாமா வாங்குன?"

"ஏன், உனக்கு ஒன்னு வோணுமா? கடை சொல்றேன்."

டீ வந்தது. உடம்பைக் குறைக்கிறானாம், சர்க்கரை வேண்டாம் என்றான். "அவன் வெக்கப்படறான்," என்று சொல்லி இரண்டு ஸ்பூன் போடவைத்தேன். பாய்க்கு முன்னால் மறுக்க முடியவில்லை. அவன் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை நான் இடத்தைவிட்டு எழவில்லை.