அறுபது பேருக்கு ஓர் இடம்

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் பை தைக்கும் தொழிலில் இறங்கியதற்குக் காரணம், கொல்கத்தாவின் பவானிபூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த வங்காளிப் பெண்மணி. அவரை பௌதி என்றுதான் கூப்பிடுவேன். நம்மூரில் அண்ணி என்பதுபோல. துணியை வெட்டிக் கொடுத்து, துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச் பகுதிப் பெண்களை அவரவர் வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைக்கச் சொல்லி விற்றுவந்தார்.

சென்னை வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார். தையல் முழுக்க ஒரே இடத்தில் நடக்க வேண்டும், அவருடைய ஆள் வந்து பார்ப்பார் என்பது நிபந்தனை. அறுபது மெஷின் போட இடம் தேடினோம்.

கார்டன் ரீச்சிலேயே ஒரு பழைய ஷெட் கிடைத்தது. தீயணைப்பு அனுமதிக்காகப் பார்க்க வந்த அதிகாரி சந்து முனையிலேயே நின்றுவிட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டு நான் போயிடலாம், மேடம். உள்ளே அறுபது பேர் இருக்கும்போது தீப்பிடிச்சா, இந்தச் சந்துல வண்டி எப்படி நுழையும்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அடுத்து நகரத்துக்கு வெளியே ஓர் இடம். அகலமான சாலை, நல்ல வெளிச்சம், எல்லா அனுமதியும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பெண்களை அழைத்துப்போய்க் காட்டினோம். கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. திரும்பும்போதுதான், அவர்களில் மூத்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அக்கா என்பதற்கு அங்கே தீதி.

"தீதி, வீடு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுதே. என் பிள்ளையை ஸ்கூல்லேருந்து யார் கூட்டிட்டு வருவாங்க?"

"தினமும் வேன் விடுவோம்."

"வேன் என்னைக் கூட்டிட்டு வரும். பிள்ளையை?"

கடைசியில் ஒன்பது பேர்தான் வரச் சம்மதித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றால் மாதக்கணக்காகும். வியாபாரியிடம் அவகாசம் கேட்டேன்.

"புரியுதும்மா. ஆனா ஸ்கூல் திறக்கறது எனக்காகக் காத்திருக்காதே," என்றார் அவர்.

ஆர்டர் போயிற்று. பௌதி இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாடியேறி வந்து, "அறுபது வேண்டாம். எத்தனை முடியுமோ அத்தனை போடுவோம்," என்றார்.

கார்டன் ரீச்சில் பெரிய சாலையை ஒட்டி ஒரு கீழ்த்தளம் கிடைத்தது. பதினெட்டு மெஷினுக்கு மேல் இடமில்லை. உள்ளூர்ப் பள்ளிகளுக்குத் தைக்கிறோம். யாரை எடுப்பது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டுக்குள் இடமில்லாமல் வாசலில் மெஷின் போட்டுத் தைத்தவர்களை முதலில் எடுத்தோம்.

மற்றவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தி, தைத்துக்கொண்டிருந்த பையை நகர்த்தி எனக்கு டீ வைத்தாள். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே அவள் உட்காரத்தான் இடமிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"பெரிய இடம் கிடைச்சா என்னையும் கூப்பிடுவீங்கல்ல?" என்றாள்.

கூப்பிடுவேன் என்றேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.